ஆஸ்திரேலியாவின் டேம்சல் நாவாய்ப்பூச்சிகள்: அடையாளம் காண விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூ சவுத் வேல்ஸிலோ தெற்கு ஆஸ்திரேலியாவிலோ ஒரு குதிரைமசால் வயலுக்குள் இறங்கிப் பூச்சிவலையைப் பத்து தடவை வீசுங்கள். வலையின் அடியில் அசுவினி, தத்துப்பூச்சி, பொறிவண்டு இவற்றுக்கு நடுவே காய்ந்த வைக்கோல் துணுக்கு போன்ற ஒல்லியான பூச்சி ஒன்று விறுவிறுவென ஓடும். அதன் படத்தை எடுத்து "இது என்ன இனம்?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். பூச்சியில் எவ்வளவு கண்ணுக்குத் தெரிகிறதோ அவ்வளவுக்குத்தான் பெயர் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு படிகூடப் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

டேம்சல் நாவாய்ப்பூச்சி என்றால் எது? ஊசித்தட்டானா?

இல்லை. டேம்சல் என்ற சொல் ஊசித்தட்டானின் ஆங்கிலப் பெயரிலும் வருவதால்தான் இந்தக் குழப்பம். ஊசித்தட்டான் தும்பி வகை. நாம் பேசும் பூச்சி நாவாய்ப்பூச்சி வகை. அதாவது வாய் மெல்லுவதற்கானது அல்ல, குத்தி உறிஞ்சுவதற்கானது. குடும்பத்தின் பெயர் நாபிடே. இந்தக் குடும்பத்தில் எல்லாமே வேட்டைக்காரர்கள். கூரான அலகை இரைக்குள் செலுத்தி, செரிக்கும் நீரை உள்ளே விட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவில் நான் பார்ப்பது பெரும்பாலும் எதுவாக இருக்கும்?

பயிர் வயலிலோ புல்வெளியிலோ வீட்டுத் தோட்டத்திலோ பார்த்தீர்கள் என்றால், பெரும்பாலும் நாபிஸ் பேரினமாக இருக்கும். அதிலும் பரவலாகக் காணப்படுவது நாபிஸ் கின்பெர்கீ. பசிபிக் டேம்சல் நாவாய்ப்பூச்சி என்று இதைச் சொல்வார்கள். நியூசிலாந்திலும் பசிபிக் தீவுகளிலும் இது உண்டு. பருத்தி, குதிரைமசால், சோயா மொச்சை, கனோலா, முட்டைக்கோஸ் என்று எந்த வயலிலும் வாழும். வளர்ந்த பூச்சி சுமார் 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். நிறம் வெளிறிய பழுப்பு. உடல் ஒடுக்கமாக நீண்டது, கண்கள் பெரியவை, உணர்கொம்பும் கால்களும் மெலிந்து நீண்டவை.

"பெரும்பாலும்" என்று இங்கே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு "இது நாபிஸ் கின்பெர்கீதான்" என்று எழுதும்போதுதான் பிழை நுழைகிறது.

இந்தக் குடும்பத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

1853-இல் கோஸ்டா என்ற இத்தாலியர் வைத்த குடும்பப் பெயர் நாபிடே. இதற்குள் இரண்டு துணைக்குடும்பங்கள் உண்டு: நாபினே, ப்ரோஸ்டெம்மாடினே. ஆஸ்திரேலியாவில் இரண்டும் இருக்கின்றன.

நாபினே என்பவை செடிகளின் மேல் திரியும் மெலிந்த பூச்சிகள். நாபிஸ் இந்தப் பக்கம்தான் வரும். கோர்பிஸ் என்ற பேரினமும் இங்கேதான். கோர்பிஸ் வெளிறிய நிறமும் மிக நீண்ட முன்னங்கால்களும் உடையது. வயலைவிட மரம், புதர்களில் தேடினால்தான் கிடைக்கும். (இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த அராக்னோகோரிஸ் தென், மத்திய அமெரிக்காவில் சிலந்தி வலைக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அது இல்லை என்றாலும், வைக்கோல் துணுக்கு போன்ற நம் பூச்சிக்கு இப்படி ஓர் உறவு இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.)

ப்ரோஸ்டெம்மாடினே பார்வைக்கே வேறு மாதிரி இருக்கும். உடல் கட்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். பலவற்றில் கருப்போடு சிவப்போ மஞ்சளோ கலந்திருக்கும். தரையில், சருகுக்கு அடியில் வாழும். இவை முக்கியமாக மற்ற நாவாய்ப்பூச்சிகளையே பிடித்துத் தின்கின்றன. அலோயியோரிங்கஸ், ஃபோர்டிகஸ் ஆகியவை இந்தப் பக்கத்துப் பேரினங்கள். ஃபோர்டிகஸ் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும் பொடிப்பூச்சி. சருகைச் சலித்தெடுக்கும் பழக்கம் இல்லாதவர்கள் வாழ்நாள் முழுக்க அதைப் பார்க்காமலே போகலாம்.

உணர்கொம்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. நாபிடே குடும்பத்தில் உணர்கொம்புக்கு நான்கு கணுக்கள். ஆனால் ப்ரோஸ்டெம்மாடினேவில் முதல் கணுவுக்கும் இரண்டாவதுக்கும் இடையே உள்ள சிறு துண்டு நன்றாக வளர்ந்திருப்பதால் ஐந்து போலத் தோன்றும். எண்ணிப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொலைகார நாவாய்ப்பூச்சியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

கொலைகார நாவாய்ப்பூச்சி என்பது ரெடுவிடே குடும்பம். டேம்சல் நாவாய்ப்பூச்சிகளையும் ஒரு காலத்தில் அதற்குள்ளேயே அடக்கி வைத்திருந்தார்கள். ஆகவே இப்போதும் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அலகைப் பக்கவாட்டில் பாருங்கள். கொலைகாரப் பூச்சியின் அலகு கட்டையானது, வளைந்தது, மூன்று கணுக்கள் தெரியும். அலகின் நுனி, முன்னங்கால்களுக்கு நடுவே மார்பின் அடியில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் அமரும். அந்தப் பள்ளத்தில் குறுக்குவரிகள் இருக்கும். அலகை அதில் தேய்த்துக் கிறீச்சென்று ஒலி எழுப்பக்கூடியவை அவை. டேம்சல் நாவாய்ப்பூச்சியின் அலகு மெலிந்தது, நான்கு கணுக்கள் கொண்டது, மார்பில் அந்தப் பள்ளம் கிடையாது.

ஆஸ்திரேலியத் தோட்டங்களில் தேனீக்களைப் பிடிக்கும் பெரிய கொலைகாரப் பூச்சியான பிரிஸ்தெசாங்கஸ் பிளாகிபென்னிஸை யாரும் நாபிஸ் என்று நினைக்க மாட்டார்கள். அதன் சிறு வயதுக் குஞ்சுகளிடம்தான் கவனம் வேண்டும்.

மிரிட் நாவாய்ப்பூச்சியோடு குழப்பம் வருவது ஏன் பெரிய விஷயம்?

பணமும் மருந்தும் வீணாவது இங்கேதான்.

மிரிட் என்பது மிரிடே என்ற இன்னொரு நாவாய்ப்பூச்சிக் குடும்பம். ஆஸ்திரேலியப் பருத்தியில் பச்சை மிரிட், அதாவது கிரியோன்டியாடிஸ் டைலூட்டஸ், சப்பைகளையும் (பூமொட்டுகளையும்) இளங்காய்களையும் உதிரவைக்கும் பூச்சி. 1996-இல் பி.டி. பருத்தி (காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி) வந்தபின் காய்ப்புழுவுக்காக அடிக்கும் மருந்து குறைந்தது. அந்த மருந்தில் சேர்ந்து செத்துக்கொண்டிருந்த மிரிட் போன்ற சாறு உறிஞ்சிகள் முன்னணிக்கு வந்தன. அதனால் மிரிட்டை எண்ணி, எண்ணிக்கை எல்லை தாண்டினால் மருந்து அடிப்பது என்ற முறை அங்கே வழக்கமானது. அந்த எண்ணிக்கையில் டேம்சல் நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகளையும் மிரிட் என்று சேர்த்து எண்ணிவிட்டால் என்ன ஆகும்? எதிரி கூடியிருக்கிறது என்று நினைத்து நண்பனைக் கொல்வோம்.

வளர்ந்த பூச்சிகளைப் பிரிப்பது எளிது. மிரிட்டின் முன்னிறக்கையில், தோல் போன்ற பகுதி முடியும் இடத்தில் முக்கோணத் துண்டு ஒன்று தனியாகத் தெரியும். அதிலிருந்து இறக்கை கீழ்நோக்கி மடங்கியது போல இருக்கும். டேம்சல் நாவாய்ப்பூச்சியில் அந்த முக்கோணம் இல்லை. அதன் இறக்கை நுனியிலுள்ள மெல்லிய சவ்வில் நீண்ட அறைகள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றிலிருந்து நரம்புகள் ஓரத்தை நோக்கி விரியும். மிரிட்டில் ஒன்றிரண்டு சிறிய அறைகளோடு சரி. இன்னொன்று: டேம்சல் நாவாய்ப்பூச்சிக்குப் பெரிய கண்களுக்கு நடுவே இரண்டு சிறு புள்ளிக்கண்கள் உண்டு, பெரும்பாலான மிரிட்களுக்கு இல்லை.

குஞ்சுகளில் இறக்கை இல்லாததால் இந்த அடையாளங்கள் பாதி உதவாது. பச்சை மிரிட் குஞ்சு பேரிக்காய் வடிவம், இளம்பச்சை நிறம், உணர்கொம்பின் நுனி சிவந்திருக்கும். டேம்சல் குஞ்சு ஒடுங்கி நீண்டது, வைக்கோல் நிறம், தலையும் மார்பும் முன்னோக்கி இழுக்கப்பட்டது போல இருக்கும். முன்னந்தொடை சற்றுப் பருத்திருக்கும். ஒரு சின்னப் புட்டியில் அசுவினி ஒன்றோடு விட்டுப் பாருங்கள். நாபிஸ் குஞ்சாக இருந்தால் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

நம்மூர் நெல் வயலில் புகையான் முட்டையைத் தின்னும் மிரிட் ஒன்று உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். மிரிட் குடும்பத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் டீரியோகோரிஸ் சிக்னேட்டஸ் என்ற மிரிட் வேட்டையாடிதான். எனவே குடும்பத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது.

கின்பெர்கீ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

யூஜெனி என்ற சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1851 முதல் 1853 வரை உலகைச் சுற்றியது. சிட்னியிலும் நின்றது. அதில் போன விலங்கியலாளர் கின்பெர்க். நாபிஸ் கின்பெர்கீக்கு 1872-இல் பெயரிட்டவர் பின்லாந்தைச் சேர்ந்த ராய்ட்டர். அப்போது அவருக்கு இருபது வயதுக்கு மேல் ஒன்றிரண்டுதான் ஆகியிருந்தது.

இதில் வேடிக்கையான ஒரு பின்னல் இருக்கிறது. அந்தக் கப்பல் பயணத்தின் நாவாய்ப்பூச்சிகளை ஆராய்ந்த ஸ்டோல் என்பவர் 1859-இல் ஒரு மிரிட்டுக்கும் கின்பெர்கி என்றே பெயர் வைத்தார். இன்று அது சிட்னியா கின்பெர்கி. குதிரைமசாலில் சாறு உறிஞ்சும் பயிர் மிரிட். ஒரே வயலில், ஒரே மனிதரின் பெயரோடு வேட்டையாடியும் சாறுறிஞ்சியும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. வயல் குறிப்பேட்டில் "கின்பெர்கி: 6" என்று மட்டும் எழுதி வைத்தால் மறுவாரம் உங்களுக்கே எது என்று தெரியாது. பேரினத்தின் பெயரை விடாமல் எழுதுங்கள்.

பழைய கட்டுரைகளில் வேறு பெயர்கள் வருகின்றனவே?

வரும். 1980-இல் சாம்சன், பிளட் இருவரும் ஆஸ்திரேலியப் பருத்தியின் வேட்டையாடிகள் எவ்வளவு தின்கின்றன என்று எழுதிய ஆய்வில் ட்ரோபிகோநாபிஸ் காப்சிஃபார்மிஸ் என்ற பெயர் இருக்கிறது. குதிரைமசால் பற்றிய பழைய எழுத்துகளில் ட்ரோபிகோநாபிஸ் நைக்ரோலீனியேட்டஸ், நாபிஸ் டாஸ்மானிகஸ் என்பவற்றையும் காணலாம்.

நாபிஸ் காப்சிஃபார்மிஸ் 1838-இல் ஜெர்மார் விவரித்த இனம். வெப்பமண்டலம் முழுக்கப் பரவியது, இந்தியாவிலும் உண்டு. ஒரே மாதிரி ஒல்லியாக, வெளிறிய பழுப்பாக இருக்கும் நாபிஸ்களை எல்லாம் அந்தப் பெயருக்குள் போடுவது ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. ட்ரோபிகோநாபிஸ் இன்று தனிப் பேரினமாக அல்ல, நாபிஸுக்குள் ஒரு துணைப் பேரினமாக வைக்கப்படுகிறது. ஆஸ்ட்ரலோநாபிஸ் என்ற இன்னொரு துணைப் பேரினமும் இந்தப் பகுதிக்கு உரியது. கெர்ஷ்னர் என்ற ரஷ்ய அறிஞர் இந்தக் குடும்பத்துக்காகவே பல ஆண்டுகள் உழைத்தவர். காசிஸ், கிராஸ் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய விலங்கியல் பட்டியல் தொகுதியில் நாபிடே குடும்பத்துக்கான பெயர்கள் தொகுக்கப்பட்டுள்ளன. பழைய பெயரோடு வரும் எந்தத் தகவலையும் எடுத்தாளுமுன் அங்கே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பழைய ஆய்வாளர்கள் கவனமில்லாதவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. அவர்கள் தின்ற அளவை எண்ணியது சரியாகவே இருக்கலாம். எந்த இனம் தின்றது என்பதைத்தான் மறுபடி கேட்க வேண்டும். அவர்கள் பயன்படுத்திய மாதிரிகள் ஏதேனும் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தால் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். மாதிரி இல்லையென்றால் கேள்வி கேள்வியாகவே நிற்கும்.

அப்படியானால் இனத்தை உறுதியாகச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்?

ஆணின் வயிற்று நுனியை. நாபிஸ் ஆணின் கடைசிக் கண்டத்தில் இரண்டு பக்கமும் சிறு கொக்கி போன்ற பிடிப்பு உறுப்புகள் உண்டு. அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். கொக்கியின் தகடு எவ்வளவு அகலம், வளைவு எங்கே தொடங்குகிறது, நுனி எப்படி முடிகிறது என்பதைத்தான் வகைப்பாட்டாளர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். நிறம் நம்பத்தக்கதல்ல. முதுகில் ஓடும் கருங்கோடு ஒரே இனத்திலேயே சிலவற்றில் அழுத்தமாகவும் சிலவற்றில் மங்கலாகவும் இருக்கும். இறக்கையின் நீளமும் ஏமாற்றக்கூடியது. நாபிஸ் பேரினத்தில் சில இனங்களில் நீண்ட இறக்கை, குட்டை இறக்கை என்று இரண்டு வடிவங்களும் உண்டு.

ஆணா பெண்ணா என்று அறிய, பூச்சியை அடிப்பக்கமாகத் திருப்புங்கள். பெண்ணின் வயிற்றில் பின்பாதி நடுவே முட்டையிடும் உறுப்பின் நீளமான பிளவு தெரியும். ஆணின் நுனி மழுங்கி, கொக்கிகள் ஓரத்தில் தென்படும். நல்ல கைலென்சில் கொக்கி இருப்பது தெரியும், ஆனால் அதன் வடிவத்தைப் படிக்க நுண்ணோக்கி வேண்டும். கடைசிக் கண்டத்தைப் பிரித்து, நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துத் தசையைக் கரைத்தபின் பார்ப்பார்கள். பெண் மட்டும் கிடைத்தால் உள்ளுறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது தேர்ந்தவர்களின் வேலை.

குஞ்சை வைத்து இனம் சொல்வதை நான் ஏற்பதில்லை. "நாபிஸ், குஞ்சு" என்று எழுதினால் போதும்.

மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். சுமார் 650 எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டைப் படித்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். தரவுத்தளத்தில் உள்ள மாதிரிக்கு முதலில் பெயர் வைத்தவர் ஆணின் கொக்கியைப் பார்த்து வைத்தாரா, படத்தைப் பார்த்து வைத்தாரா என்பதைப் பொறுத்தது பதிலின் தரம். குஞ்சுக்கும் பெண்ணுக்கும் இந்த வழி மிகவும் உதவும் என்பதை மறுக்கவில்லை.

படத்தை மட்டும் வைத்து எதுவரை போகலாம்?

நல்ல படம் என்றால் பேரினம் வரை. மேலிருந்து ஒன்று, அலகு தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் வயிற்று நுனியின் அடிப்பக்கம் ஒன்று. இடம், நாள், எந்தச் செடி என்பதையும் குறியுங்கள். குடிமக்கள் பதிவேற்றும் இணையத் தளங்களில் இனம் தெரியாவிட்டால் "நாபிஸ்" என்று நிறுத்த வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் "கின்பெர்கீ" என்று ஒப்புக்கொள்வதால் அந்தப் பூச்சி கின்பெர்கீ ஆகிவிடாது. தவறான பதிவுகள் வரைபடத்தில் புள்ளிகளாக உட்கார்ந்துவிட்டால், மற்ற இனங்கள் எங்கே வாழ்கின்றன என்ற கேள்வியே மறைந்துபோகும். எனக்கு இதில்தான் அதிக வருத்தம். தெரியாத இனம் கிடைப்பதற்கான வாய்ப்பே "எல்லாம் கின்பெர்கீ" என்ற பழக்கத்தால் அழிகிறது.

மாதிரியை எப்படிச் சேர்த்து வைப்பது?

70 சதவீத எத்தனாலில் போடலாம். மரபணுச் சோதனைக்கு என்றால் 95 சதவீதத்துக்கு மேல் வேண்டும். பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுங்கள், வெளியே ஒட்டினால் எத்தனால் அழித்துவிடும். தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அனுமதி தேவை. கான்பராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பூச்சித் தொகுப்பும், சிட்னி, அடிலெய்ட், பிரிஸ்பேன் நகரங்களில் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன.

வயலில் எப்படித் தேடுவது?

குதிரைமசாலில் வலை வீசலாம். பருத்தியிலும் சோயாவிலும் செடி வரிசைக்கு அருகே ஒரு விரிப்பைப் போட்டு, குச்சியால் செடிகளை விரிப்பின் மேல் அடித்து, விழுவதை எண்ணுவார்கள். டேம்சல் நாவாய்ப்பூச்சி விழுந்த வேகத்தில் ஓடும், எனவே முதலில் இதை எண்ணிவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். முட்டையைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். செடியின் திசுவுக்குள் செருகி வைக்கும், மூடி மட்டும்தான் மேலே தெரியும்.

என்னென்ன தின்னும்? பயிருக்குக் கெடுதல் உண்டா?

அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன், சிலந்திப்பேன், மிரிட் குஞ்சு, பச்சைக் காய்ப்புழுவின் முட்டையும் இளம்புழுவும், முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இரை குறைந்தால் தன் இனத்தையே தின்னும். அதனால் இரண்டு பூச்சிகளை ஒரே புட்டியில் வைக்காதீர்கள். ஈரத்துக்காகச் செடியில் அலகை வைப்பதுண்டு, பயிருக்கு அதனால் நட்டம் இல்லை. கையில் பிடித்தால் சுருக்கென்று குத்தலாம். வலிக்கும், ஆபத்தில்லை.

குஞ்சு ஐந்து பருவங்களைத் தாண்டி வளரும். கோடையில் முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே பைரித்ராய்டு, ஆர்கனோபாஸ்பேட் போன்ற எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்து இவற்றை இழந்தால், அசுவினி பல தலைமுறை பெருகிய பிறகுதான் இவை திரும்பும்.

இவ்வளவு நுணுக்கம் விவசாயிக்கு எதற்கு?

வயலில் முடிவெடுக்க "நாபிஸ், மிரிட் அல்ல" என்பது போதும். அதை மட்டும் பிழையில்லாமல் சொல்லப் பழகுங்கள். எந்த இனம் எந்தப் புழுவை எவ்வளவு தின்கிறது, எந்த மருந்தைத் தாங்குகிறது என்று ஆய்வு செய்பவருக்கோ அது போதாது. அவர் ஆண் பூச்சி ஒன்றையாவது எத்தனாலில் போட்டு, சீட்டு எழுதி, ஒரு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும்.